பழைய நீதிக்கதைப் பள்ளிப் பதிப்புக்கள்

அச்சு நூல்களுள் மிகுதியாகப் பதிக்கப்பெறுவனவும் குறைவாக எஞ்சுவனவும் யாவை என்று ஆராயின், அவை சிறுவர் பள்ளியிற் பயிலும் புத்தகங்களே என்பது புலனாகும். காவியங்களும் சாத்திரங்களும் கற்றோர் இல்லத்துப் பேழைகளில் துணி சுற்றிப் பேணப்பெறும். தோத்திர நூல்கள் பூசையறையில் இடம்பெறும். பள்ளிப் புத்தகமோ சிறுவன் கக்கத்தில் ஏறி, மழையில் நனைந்து, மையிற் கறைபட்டு, முகப்பேடு கிழிந்து, ஓராண்டு கழிந்தவுடன் தம்பியின் கைக்குச் செல்லும். அவன் கையினின்றும் பொட்டலம் கட்டும் கடைக்குச் செல்லும். ஆயிரமாயிரமாக அச்சேறிய புத்தகத்தில் ஒரு படியேனும் கிடைத்தல் அரிதாயினமைக்கு, அது பலர் கையிலும் பெரிதும் பயன்பட்டமையே காரணமாம்.

இவ்வகைப் புத்தகங்களுள்ளும் நீதிக்கதைப் புத்தகங்கள் தனிச் சிறப்புடையன. தமிழ் உரைநடை அச்சில் வளர்ந்த வரலாறும், திண்ணைப் பள்ளி புதுமுறைப் பள்ளியாக மாறிய வரலாறும், வடமொழிக் கதைகளும் மேனாட்டுக் கதைகளும் தமிழ்ச் சிறுவர்க்கு உரியவாகிய வரலாறும் அவற்றின் தாள்களிற் பதிந்து கிடக்கின்றன. ஆதலின், அப் பழம் பதிப்புக்களைத் தேடித் தொகுத்தலைப் பொழுதுபோக்கென்று கருதிவிடுதல் பொருந்தாது. அது வரலாற்றுக்குச் சான்று திரட்டும் பணியாம். அப்பணியின் இயல்பும் இன்றியமையாமையும், தமிழ்ப் பஞ்சதந்திரத்தைத் தலைமை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப்படும்.

பள்ளிக்கென்றே பிறந்த நூல்

பஞ்சதந்திரம் தோன்றும்போதே பாடபுத்தகமாகத் தோன்றியது. வடமொழி நூலின் முகவுரைக் கதையின்படி, தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்னும் நகரத்தை ஆண்ட அமரசத்தி என்னும் அரசனுக்குக் கல்வியில் விருப்பமில்லாத மைந்தர் மூவர் இருந்தனர். இலக்கணம் ஒன்றனைக் கற்கவே பன்னீராண்டு செல்லுமே, அதன்மேல் நீதி நூல்களைக் கற்பது எங்ஙனம் என்பது அரசவையிற் பேசப்பட்ட குறை. முதியவராகிய விட்டுணுசருமர் ஆறு திங்களில் அம் மைந்தரை அரசநீதி வல்லவராக்குவதாக உறுதி கூறி, ஐந்து தந்திரங்களாகக் கதைகளை வகுத்துக் கற்பித்தார் என்ப. விரைந்து கற்றற்குரிய வழியாகக் கதை தேர்ந்துகொள்ளப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

அந்நூல் பின்னர் உலகுசூழ் செலவு மேற்கொண்டது. பாரசீக வேந்தன் நௌசெர்வான் (கி. பி. 531-579) காலத்தில் புர்சோ என்னும் மருத்துவர் அதனைப் பகலவி மொழியிற் பெயர்த்தார். எட்டாம் நூற்றாண்டில் இபுனுல் முகப்பா என்பார் அப் பெயர்ப்பினின்றும் அரபியில் ஆக்கினார். முதல் தந்திரத்தில் வரும் கரடகன், தமனகன் என்னும் நரிகளின் பெயர்களே திரிந்து 'கலீலா', 'திம்னா' என அவ்வரபு நூலுக்குத் தலைப்பாயின. அதிலிருந்து எபிரேயத்திலும், எபிரேயத்திலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலத்தீனிலும் கதைகள் சென்றன. 1570ஆம் ஆண்டில் தாமசு நார்த்து என்பார் இத்தாலிய மொழி வழியாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிரெஞ்சுப் புலவர் லா பொந்தேன் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் கதைப் பகுதியில், 'பில்பே' என்னும் இந்திய அறிஞர்க்குத் தாம் பட்டுள்ள கடனை வெளிப்பட மொழிந்தார்.

மேனாட்டில் ஈசாப்பின் கதைகளும் இவ்வாறே பள்ளியை இடமாகக் கொண்டு வாழ்ந்தன. உரோம நாட்டுக் குவிந்திலியன் என்னும் ஆசிரியர், சிறுவர் முதற்கண் ஈசாப்பின் கதைகளைத் தம் சொல்லால் எளிமையாகக் கூறவும் எழுதவும் பழகுக என்று விதித்தார். ஆங்கில நாட்டுச் சான் லாக்கு என்னும் தத்துவ ஆசிரியர் 1693ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வி பற்றிய நூலிலே, சிறுவர்க்கு முதலிற் கொடுக்கத்தக்கது ஈசாப்பு என்றும், படங்கள் அமைந்ததாயின் மிக நன்று என்றும் எழுதினார். கீழ்நாட்டுக் கதையும் மேல்நாட்டுக் கதையும் பள்ளிச் சிறுவரின் கையிலேயே வந்து கூடின என்க.

தமிழகத்தில் இக்கதைகளின் பழமை

இக்கதைகள் அச்சு வந்த பின்னரே தமிழர் அறிந்தன என்று கருதுதல் பிழையாம். ஐந்தாம் தந்திரத்தின் தலைமைக் கதையாகிய, ஆராயாது கீரிப்பிள்ளையைக் கொன்ற கதை, சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் வந்துள்ளது. கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் துறந்து வடதிசை சென்றதும், அவன் வடமொழியில் எழுதிக் கொடுத்த ஏட்டை ஏந்தி அவள் புகார் நகரத்து மறுகில் அலைந்ததும், கோவலன் அவள் துயர் தீர்த்துக் கணவனொடு கூட்டியதும், மாடல மறையோன் வாயிலாக ஆண்டுக் கூறப்படுகின்றன. கதையை விரித்துரையாது குறிப்பினாற் கூறிச் செல்லுதலின், அக்காலத்துக் கேட்போர்க்கு அது முன்னரே அறிந்த கதை என்பது பெறப்படும். திருக்குறளிற் காலமறிதல் என்னும் அதிகாரம், பகற்பொழுதிற் காக்கை கூகையை வெல்லும் என்னும் உவமையொடு தொடங்குகின்றது. காக்கைக்கும் கூகைக்கும் உள்ள பகையே மூன்றாம் தந்திரத்தின் பொருள்.

எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கதை புதிதாக வந்ததில்லை. கதை உரைநடைப் புத்தகமாகிச் சிறுவர் கைக்கு வந்த முறையே புதிது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தும், பின்னர் ஏட்டில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியனவும், எண்சுவடியும், நிகண்டும் முறையே கற்பிக்கப்பட்டன. அவை யாவும் மனப்பாடத்துக்குரிய செய்யுளும் வாய்பாடும் ஆவன. வாய்விட்டு வாசித்துப் பொருளுணர்ந்து செல்லுதற்குரிய உரைநடைப் புத்தகம் அப்பள்ளியின் முறையில் இல்லை. அக்குறையை நிரப்பப் புகுந்தனவற்றுள் கதைப் புத்தகமே முற்பட்டது.

கல்விச் சங்கமும் தாண்டவராய முதலியாரும்

1812ஆம் ஆண்டில் எல்லிசு என்னும் ஆங்கில அறிஞரது முயற்சியாற் சென்னைக் கோட்டையைச் சார்ந்த கல்விச் சங்கம் நிறுவப்பெற்றது. இங்கிலாந்தினின்றும் வந்த இளைய அலுவலர்க்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பித்தல் அதன் நோக்கம். அதற்கென அச்சுக்கூடமும் புலவர் குழுவும் அமைந்தன. அச்சங்கத்துத் தமிழ்த் தலைமைப் புலவராக விளங்கிய தாண்டவராய முதலியார், மராட்டியத்தினின்றும் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் மொழிபெயர்த்தார். அது 1826ஆம் ஆண்டில் அச்சாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் தொகுத்த கதாமஞ்சரி என்னும் சிறுகதைத் திரட்டும் வெளிவந்தது.

இவற்றுக்குச் சிறிது முன்னர், வீரமாமுனிவர் (1680-1747) எழுதிய பரமார்த்த குரு கதை, தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்றொகுதியும் உடன்சேர 1822ஆம் ஆண்டில் இலண்டனில் பாபிங்டன் என்பவராற் பதிப்பிக்கப்பெற்றது. 1826ஆம் ஆண்டிலே, தென்னாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து மீண்ட துபுவா பாதிரியார், பஞ்சதந்திரக் கதைகளையும் பரமார்த்த குருவின் கதையையும் பிரெஞ்சு மொழியில் ஆக்கிப் பாரிசு நகரில் வெளியிட்டார். சென்னையிலும் பாரிசிலும் ஒரே ஆண்டில் இந்நூல் அச்சேறினமை வியக்கத்தக்கது.

ஈண்டு ஓர் உண்மை அறியற்பாலது. இப்புத்தகங்களை முதலிற் பாடமாகக் கொண்டவர் கடல் கடந்து வந்து தமிழ் எழுத்துக் கூட்டிய வேற்றுநாட்டு இளைஞர். எளிய சொல், சிறிய தொடர், கதைச் சுவை என்னும் மூன்றும் அவர்பொருட்டு வேண்டப்பட்டன. அம்மூன்றுமே பின்னர்த் தமிழ்ச் சிறுவர்க்கும் ஏற்றனவாயின. இலக்கண வரம்பு வழுவாத புலவர் ஒருவர் எளிமை கருதி எழுதிய உரைநடையாதலின், தாண்டவராய முதலியாரின் நூல் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வசனத்துக்கு ஓர் அளவுகோலாக நின்றது. ஆந்திர மொழியிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. சின்னய சூரி (1809-1861) 1853ஆம் ஆண்டில் வெளியிட்ட நீதிசந்திரிகை, பஞ்சதந்திரக் கதைகளைக் கொண்டு தெலுங்கு உரைநடைக்கு முன்மாதிரியாகிப் பள்ளிதோறும் பயிலப்பெற்றது.

பள்ளிகள் பெருகிய காலம்

1835ஆம் ஆண்டில் அச்சுக்கூடங்களுக்கு முன்னிருந்த தடை நீங்கிற்று. 1854ஆம் ஆண்டில் வந்த கல்வி அறிக்கையின் பயனாக அரசாங்க உதவி பெறும் பள்ளிகள் பெருகின. 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றித் தேர்வுகளுக்குப் பாடங்களை வகுத்தது. பள்ளி பெருகவே புத்தகம் பெருகிற்று. புத்தகம் பெருகவே அதனை ஆக்குவார் யாவர் என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவின் அருமையை நன்குணர்ந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). பாதிரிமார் பள்ளியிற் கற்றும் கற்பித்தும், வேதாகம மொழிபெயர்ப்பிற் பேர்சிவல் பாதிரியார்க்கு உதவியும், அச்சின் ஆற்றலை அவர் நேரே கண்டவர். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபின், சென்னை சென்று அச்சுப்பொறி கொணர்ந்து, பாலபாடங்களைத் தாமே இயற்றிப் பதிப்பித்தார். சிறுவன் முதன்முதல் எழுத்துக்கூட்டி வாசிக்கும் தொடர் யார் எழுதியதோ, அவர் கருத்தே அவன் உள்ளத்தில் முதல் வித்தாக விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். பாலபாடம் கதைப் புத்தகம் அன்றேனும், பள்ளிப் புத்தகத்தின் வன்மைக்கு அதனினும் சிறந்த சான்று வேறு வேண்டா.

ஆண்டு துணிதலின் அருமை

பழம் பதிப்பைத் தொகுப்பவர் முதற்கண் எதிர்ப்படும் இடர் அதன் ஆண்டைத் துணிதலாம். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றின் முகப்பில் ஆங்கில ஆண்டு இராது. வருடத்தின் பெயர் மட்டும் இருக்கும். எடுத்துக்காட்டாக, 'விய வருடம்' என்று ஒரு முகப்பில் இருக்குமாயின், அது 1826-27ஆம் ஆண்டாதலும் கூடும். அறுபது ஆண்டு சென்றபின் வந்த 1886-87ஆம் ஆண்டாதலும் கூடும். அறுபது ஆண்டு வேறுபாடு அச்சு வரலாற்றிற் பெரும் வேறுபாடு. மேலும், தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குதலின், தை, மாசி, பங்குனித் திங்களில் வெளிவந்த புத்தகத்துக்கு அடுத்த ஆங்கில ஆண்டே கொள்ளற்பாலது. இதனைக் கருதாமையாற் பட்டியல்களில் ஓராண்டு முன்பின்னாதல் எளிதில் நேரும்.

இவ்விடரைத் தீர்க்கும் துணைக்கருவிகள் சில உள. மர்டாக்கு பாதிரியார் 1865ஆம் ஆண்டில் வெளியிட்ட தமிழ் அச்சு நூற் பட்டியல் அவற்றுள் ஒன்று. அதன்கண் ஒரு பதிப்புக் குறிக்கப்பெற்றிருப்பின் அது 1865க்கு முற்பட்டது என்பது ஒருதலை. பிரித்தானியக் காட்சிச்சாலைத் தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டு, போப்பு என்னும் இருவர் தொகுத்து 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியல் மற்றொன்று. இவ்விரண்டினும் பயன்மிக்கது 1867ஆம் ஆண்டின் இருபத்தைந்தாம் சட்டத்தின்படி எழுந்த பதிவாகும். நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பெயர், மொழி, ஆசிரியர், அச்சிட்ட இடம், அச்சிட்டார், வெளிவந்த நாள், பக்க எண், அளவு, எத்தனையாம் பதிப்பு, எத்தனை படிகள், விலை என்பன பதியப்பெற்றுக் காலாண்டுதோறும் பட்டியலாக வெளியிடப்பட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஒரு கதைப் புத்தகம் எத்தனை படி அச்சேறிற்று என்பதை அப்பதிவு கூறும். எத்தனை எஞ்சிற்று என்பதைத் தொகுப்பாரே கூறவல்லர். இரண்டனையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு இழப்பின் அளவு தெற்றென விளங்கும்.

தாளும் ஒரு சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கந்தையினின்றும் செய்த தாள் வழங்கிற்று. பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் மிகுந்தது. முன்னது நூறாண்டு கடந்தும் நெகிழ்ச்சி குன்றாதிருப்பப் பின்னது பழுப்பேறி, மடித்த இடத்து அப்பளம்போல் நொறுங்கும். அதனால், தாத்தாவின் புத்தகம் வாழப் பேரனின் புத்தகம் அழியும் புதுமை நூற்பேழைகளிற் காணப்படுகின்றது. 1880ஆம் ஆண்டுக்கும் 1940ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட மலிவுப் பள்ளிப் பதிப்புக்களே இன்று பேரிடரில் உள்ளன என்பதை இதனால் அறிக.

பதிப்புக்கள் கூறும் செய்திகள்

ஒரே கதை பல பதிப்புக்களிற் பயிலும்போது, அவற்றை வரிசைப்பட வைத்து நோக்குவார்க்கு மாற்றங்கள் பல தோன்றும். முதலாவது, எழுத்தும் தொடரமைப்பும். பழைய ஏட்டு வழக்கைத் தழுவிய பதிப்புக்களிற் சந்தி பிரியாது சொற்கள் தொடர்ந்து ஓடும். நிறுத்தக் குறிகள் அரிய. பின்வந்தனவற்றிற் சொற்கள் பிரிந்து நிற்கும். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இடம்பெறும். இம்மாற்றம் கண்ணால் வாசிக்கும் வழக்கம், வாயால் ஓதும் வழக்கத்தை மெல்ல வென்ற வரலாறாம். துதிக்கை போன்ற கொம்புடைய பழைய ணை, லை, ளை, னை எழுத்துக்கள் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பின் பாடநூல்களினின்றும் மறைந்தன. இன்றைய மாணாக்கர் பழம் பதிப்பைக் கையிலெடுத்தால் முதலில் தடுமாறுவது அவ்வெழுத்துக்களிலேயாம்.

இரண்டாவது, சொல். ஐந்து தந்திரங்களும் மித்திரபேதம், சுகிர்லாபம், சந்திவிக்கிரகம், அர்த்தநாசம், அசம்பிரேட்சிய காரித்துவம் என வடமொழிப் பெயராலேயே வழங்கின. நட்பைப் பிரித்தல், நட்பைப் பெறுதல், அடுத்துக் கெடுத்தல், பெற்றதை இழத்தல், ஆராயாது செய்தல் என்னும் பொருளில் தமிழ்த் தலைப்புக்கள் பிற்காலத்து இடம்பெற்றன. 1916ஆம் ஆண்டினை ஒட்டி மறைமலையடிகள் (1876-1950) தொடங்கிய தனித்தமிழ் முயற்சி சிறுவர் புத்தகத்தின் சொல்லையும் நாளடைவில் மாற்றிற்று. அம்மாற்றம் எப்பொழுது, எவ்வளவு நிகழ்ந்தது என்பதை ஆண்டு துணிந்த பள்ளிப் பதிப்புக்கள் கொண்டே கூறல் இயலும்.

மூன்றாவது, கதையின் யாப்பு. பஞ்சதந்திரத்திற் கதைக்குள் கதையும், அதனுள் மற்றொரு கதையுமாகக் கோவைப்பட்டு வரும். ஒரு பாத்திரம் தன் கருத்தை நிலைநாட்டவே மற்றொரு கதையைக் கூறும். எதிர்ப்பாத்திரம் வேறொரு கதையால் அதனை மறுக்கும். ஆகவே மூல நூலிற் கதை வாதத்தின் உறுப்பாம். சிறுவர்க்கென்று சுருக்கிய புத்தகங்களோ அக்கோவையை அறுத்துச் சிங்கமும் முயலும், ஆமையும் அன்னங்களும், குரங்கும் முதலையும் எனத் தனித்தனிக் கதையாக்கி, இறுதியில் 'இதனால் அறியப்படுவது' என ஒரு நீதியைச் சேர்த்தன. ஈசாப்பின் கதைகளை அச்சிடும் முறை பஞ்சதந்திரத்தின்மேல் ஏறிய வகை இது. இதனாற் கற்றல் எளிதாயிற்று. ஆயின், ஒரு கதைக்கு எதிர்க்கதையும் உண்டு, இரண்டனையும் சீர்தூக்கியே முடிவு காணவேண்டும் என்னும் பயிற்சி சிறுவர்க்கு இல்லையாயிற்று. இவ்விழப்பு எப்பதிப்பில் தொடங்கிற்று என்பது கல்வி வரலாற்றார் ஆராயத்தக்க பெரியதொரு வினா.

இனிப் புத்தகத்தின் புறத்தே எழுதப்பட்டனவும் இகழத்தக்கன அல்ல. முன்னேட்டிற் சிறுவன் தன் பெயரும் வகுப்பும் நாளும் எழுதியிருப்பான். ஓரத்தில் அருஞ்சொற்குப் பொருள் எழுதியிருப்பான். பின்னட்டையில் வாய்பாடு எழுதியிருப்பான். எவ்வூர்ப் பள்ளியில் எந்நாளில் எவ்வாறு இந்நூல் கற்பிக்கப்பட்டது என்பதற்கு அக்கிறுக்கல்களே சான்று. மேலட்டையிலுள்ள விலையும் விளம்பரமும் பதிப்பாளர் வரலாற்றுக்குச் சான்று. புதிதாகக் கட்டடம் செய்வார் மேலட்டையை எறிந்து ஓரத்தை அறுத்துவிடுதலால் இவையாவும் ஒருங்கே அழிகின்றன.

தடையும் விடையும்

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர். விலங்கு பேசுவதாகக் கூறும் பொய்க்கதையை, அதுவும் சிறுவர் வாசித்துக் கிழித்த புத்தகத்தை, ஏட்டுச்சுவடிக்கு ஒப்பாகப் பேணுதல் தகுமோ என்பது அத்தடை. அதற்கு விடை வருமாறு. கதையிற் பொய் சொல்லளவில் நிற்பது; கருதிய பொருள் மெய்யாதலின் அஃது உவமையின் பாற்படும். காகதாலிய நியாயம், கூபமண்டூக நியாயம் முதலியவற்றைச் சாத்திர உரையாசிரியர்கள் தயங்காது எடுத்தாண்டனர். வேடரிடை வளர்ந்த அரசகுமரன் தன்னை அறியாதிருந்து பின்னர் அறிவிக்க அறிந்த கதையின்மேல் நிற்கும் உவமை சிவஞானபோதத்து எட்டாம் சூத்திரத்திலேயே அமைந்துள்ளது. நுண்பொருளை உணர்த்தக் கதை வேண்டப்படுமாயின், அக்கதை நாட்டில் எவ்வாறு பயிலப்பட்டது என்று ஆராய்தலும் வேண்டப்படும்.

கதைதான் இன்றைய பதிப்பிலும் கிடைக்கின்றதே, பழம் படி எற்றுக்கு என்பது இரண்டாம் தடை. இன்றைய பதிப்பு இன்று கதை உள்ள நிலையை மட்டும் காட்டும். அது வந்த வழியைக் காட்டாது. மூலபாடம் துணியப் பல பிரதிகளை ஒப்பு நோக்குதல் ஏட்டு நூற்பதிப்பின் முதல் விதி. அச்சு நூலுக்கும் அவ்விதி ஒக்கும். தாண்டவராய முதலியாரின் பெயர் தாங்கிவரும் பிற்காலப் பதிப்பில் அவர் எழுதியது எது, பின்னோர் திருத்தியது எது என்பதை முதற்பதிப்பை அணுகாது கூறுதல் இயலாது.

ஒளிப்படமாக்கிவிட்டாற் போதாதோ என்பது மூன்றாம் தடை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இலங்கைத் தமிழ் நூல்களுக்கென 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் நிறுவனமும் ஆற்றிவரும் பணி போற்றற்குரியது. எட்டா ஊரிலிருப்பார்க்கும் பழநூல் எட்டுமாறு அவை செய்துள்ளன. ஆயினும் படம் எடுத்தற்கும் முதலிற் புத்தகம் வேண்டும். தேடுவார் இல்லாத புத்தகத்துக்குப் படமும் இல்லை. தாளின் வகையும் கட்டடத்தின் முறையும் படத்தில் முற்றப் புலப்படா.

இழந்தனவும் காத்தனவும்

எஞ்சிய ஒரு படியின் அருமைக்கு யப்பானிய மொழி ஈசாப்பு நல்ல சான்று. 1593ஆம் ஆண்டில் அமக்குசா என்னும் ஊரில் இயேசு சபையார், மொழி கற்பார்க்கென உரோம எழுத்தில் அந்நாட்டு மொழிப் பெயர்ப்பாக அதனை அச்சிட்டனர். இன்று அதன் ஒரே படி இலண்டன் நகரிற் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டு யப்பானியப் பேச்சுமொழியின் ஒலியை அறியப் புகுவார்க்கு, மொழி பயிலும் மாணாக்கர் பொருட்டு அச்சான அவ்வொரு கதைப் புத்தகம் தலையாய கருவிகளுள் ஒன்றாக நிற்கின்றது. அஃது அழிந்திருப்பின் அவ்வறிவின் பெரும்பகுதியும் உடன் அழிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராக நடந்த உ. வே. சாமிநாதையர் (1855-1942) முதலிய பெரியோரைத் தமிழுலகம் நன்கறியும். அச்சுப் புத்தகத்தை அவ்வாறு தேடியவர் மிகச் சிலர். அவருள் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா தலையாயவர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியத் தொழிலில் இருந்த அவர், காவியமும் சாத்திரமும் மட்டுமன்றி, துண்டறிக்கை, அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம், பள்ளிப் புத்தகம் என வேறுபாடு கருதாது யாவற்றையும் திரட்டினார். அவர் 1992ஆம் ஆண்டில் மறைந்தபின், 1994ஆம் ஆண்டிற் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் துணையொடு அத்திரட்டு சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகமாயிற்று. மறைமலையடிகள் தொகுத்த நூல்களை அடிப்படையாகக் கொண்டு 1958ஆம் ஆண்டிற் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் தோன்றிய மறைமலையடிகள் நூலகமும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. அமெரிக்க நாட்டு ஒமாகா நகரத்துக் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில், பாதிரியார் ஒருவர் நீதிக்கதைப் புத்தகங்களையே தனித்துத் தொகுத்த ஆயிரக்கணக்கான படிகள் பேணப்படுகின்றன. தமிழ் நீதிக்கதைக்கென்று அத்தகைய தனித்தொகுதி ஒன்று வேண்டும் என்று எண்ணுதல் மிகையன்று.

இழப்புக்களோ பல. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பராயின. நாவலர் காலந்தொட்டு அச்சுத்தொழில் சிறந்த நாட்டில் நேர்ந்த அவ்வழிவு ஈடுசெய்தற்கரியது. 1985ஆம் ஆண்டிற் சென்னை மூர் மார்க்கெட்டுத் தீக்கிரையாயிற்று. பழம்புத்தகம் தேடுவார் நாடோறும் சென்று கடை கடையாகக் கிளறிய இடம் அது. பெருநெருப்பால் அழிந்தன இவை. சிறுநெருப்பால் அழிவன ஆண்டுதோறும் உள. போகியன்று பரணைத் துடைத்துப் பழந்தாள்களைத் தீயில் இடும் வழக்கத்தில், எத்தனை கதாமஞ்சரியும் எத்தனை பஞ்சதந்திரமும் வெந்தன என்பதை எண்ணினாரில்லை.

செயற்பாலன

தொகுப்பவர் கடைப்பிடிக்கத்தக்கன சில. குறைப்படியை எறிதல் கூடாது; முன்னேடு இழந்த ஒன்றும் பின்னேடு இழந்த ஒன்றும் சேர்ந்து ஒரு நிறைபடியாதல் உண்டு. மேலட்டையைக் கழற்றலும் ஓரம் அறுத்தலும் கூடா. ஒட்டும் நாடாவால் தாளை ஒட்டுதல் கேடு. அதன் பசை நாளடைவில் தாளைக் கருக்கும். புத்தகம் கிடைத்த ஊரும், அதனை வைத்திருந்த குடும்பத்தார் கூறிய செய்தியும் தனித்தாளில் எழுதி உடன் வைக்கற்பாலன. ஒரு பதிப்பு முன்னரே உளதென்று மற்றொரு பதிப்பை விடுத்தல் ஆகாது; வேறுபாடுகளைக் காணுதற்கே பதிப்புக்கள் பல வேண்டப்படுகின்றன.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கலைமகள் பூசையன்று வீடுதோறும் புத்தகங்களை அடுக்கி மஞ்சளும் குங்குமமும் இடுவர். அவ்வடுக்கின் அடியில், யாருடையதென்று இளையோர் அறியாத, அட்டை கிழிந்த சிறு புத்தகம் ஒன்று பல இல்லங்களில் உண்டு. மறுநாள் அடுக்கைக் கலைக்கும்போது அதனை எடுத்து முகப்பைப் பார்த்து, வருடத்தின் பெயரையும் அச்சுக்கூடத்தின் பெயரையும் முன்னேட்டில் எழுதிய சிறுவனின் பெயரையும் ஒரு தாளிற் குறித்து, ஏற்ற நூலகம் ஒன்றுக்கு அறிவித்தல் எவர்க்கும் எளிது. அவ்வளவு செய்தாலே, தமிழ் உரைநடையை முதலில் நடைபழக்கிய புலவர்தம் உழைப்பும், அதனை எழுத்துக்கூட்டி வாசித்த சிறுவர்தம் கைத்தடமும் அடுத்த தலைமுறைக்கு எட்டும் என்க.